ரிலே 'டக்' என்கிறது, செல்ஃப் ஏன் எடுக்கவில்லை?

செல்ஃப் எடுக்கவில்லை என்று பணிமனைக்கு வரும் கார்களில் பலவற்றுக்கு, வருவதற்கு முன்பே ஏதாவது ஒரு பாகம் மாற்றப்பட்டிருக்கும். பேட்டரி புதிது, ரிலேயையும் (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச்) மாற்றியாயிற்று, ஆனாலும் பழையபடிதான் என்பார்கள். செலவு செய்வதற்கு முன் சாவியைத் திருப்பும்போது வரும் சத்தத்தைக் கவனித்திருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

'டகடக' என்று வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால், சோலனாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) இழுக்கும்போதெல்லாம் மின்னழுத்தம் சரிந்து அது மீண்டும் மீண்டும் விட்டுவிடுகிறது என்று பொருள். பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கலாம், அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கலாம். கனமாக ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு மோட்டார் சுற்றாவிட்டால் சோலனாய்டின் உள் காண்டாக்ட், கார்பன் பிரஷ், தடித்த கேபிள் ஆகியவற்றின் மீது சந்தேகம் திரும்ப வேண்டும். ஸ்டார்ட்டர் பக்கமிருந்து எந்தச் சத்தமும் இல்லையென்றால்தான் ஃப்யூஸ், சாவி சுவிட்ச், கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், இம்மொபைலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டி கிளம்பாதபடி தடுக்கும் திருட்டுத் தடுப்புக் கருவி), ரிலே என்று தேடத் தொடங்க வேண்டும்.

ரிலேயில் 85, 86 என்ற கால்கள் காயிலுக்கு, அதாவது மின்சாரம் பாய்ந்ததும் காந்தமாகி காண்டாக்டை மூடும் கம்பிச்சுருளுக்கு, உரியவை. 30 என்ற காலுக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் வருகிறது, 87 வழியாக அது சோலனாய்டுக்குப் போகிறது. காயிலின் எதிர்ப்பு பொதுவாக 50 முதல் 120 ஓம் வரை இருக்கும். விரலை வைத்தால் 'டக்' என்ற துடிப்பு தெரிகிறது, ஆகவே ரிலே நல்லது என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்தத் துடிப்பு காயில் வேலை செய்வதை மட்டுமே சொல்லும். 30க்கும் 87க்கும் இடையிலுள்ள காண்டாக்ட் கருகிப் போயிருந்தாலும் அதே சத்தம்தான் வரும்.

மல்டிமீட்டரும் இங்கே ஏமாற்றும். அது இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால், கருகிய காண்டாக்ட் வழியாகவும் 12 வோல்ட்டை அப்படியே காட்டிவிடும். சுமை ஏற்றித்தான் அளக்க வேண்டும்: ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மீட்டரின் ஒரு முனையை 30லும் மறு முனையை 87லும் வைத்துப் பார்த்தால், நல்ல ரிலேயில் மிகச் சிறிய அளவே தெரியும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த ரிலேயை நான் திரும்பப் பொருத்துவதில்லை.

ரிலே தேறிவிட்டால் எர்த்தை, அதாவது பேட்டரியின் நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இணைப்பை, பாருங்கள். மீட்டர் முனையை பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பில் வைக்காமல் ஈயக் கம்பத்திலேயே வைத்து, மறு முனையை எஞ்சின் பிளாக்கில் ஊன்றி, கிராங்க் செய்துகொண்டே (சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை இயக்கிக்கொண்டே) அளக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது, 0.01 ஓம் என்ற அற்ப எதிர்ப்பே 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, கிராங்க் செய்யும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முதலில் அதைச் சார்ஜ் செய்துவிட்டுத்தான் மற்ற சோதனைகள்.

ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது எளிய வழிதான். ஆனால் உறையில் அச்சிட்டிருக்கும் படம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காயிலுக்குக் குறுக்கே டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலேக்களில் 85, 86 இடம் மாறினால் ஃப்யூஸ் போய்விடும். ரிலேயைக் கழற்றிவிட்டு சாக்கெட்டில் 30ஐயும் 87ஐயும் வயரால் இணைத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு; அப்போது மோட்டார் சுற்றினால் கோளாறு ரிலேயிலோ அதை இயக்கும் வயரிங்கிலோ இருக்கிறது. இந்த முறை கிளட்ச் சுவிட்சையும் நியூட்ரல் சுவிட்சையும் தாண்டிவிடுவதால், கியரில் நிற்கும் கார் அந்த நொடியே பாயும். நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை இழுத்து, வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்த பிறகே வயரைத் தொட வேண்டும்.

புதிய ரிலேயின் காண்டாக்ட்டும் சீக்கிரமே கருகினால் மூன்றாவது ரிலேயை வாங்க வேண்டாம். சோலனாய்டு அளவுக்கு மீறி இழுக்கிறதா என்று ஆம்பியர் வைத்துப் பாருங்கள், சாக்கெட்டின் உள் தகடுகள் தளர்ந்து சூடாகின்றனவா என்றும் பாருங்கள்.