சூசாவின் அச்சுப் பெண்கள்

தென்மேற்கு ஈரானில் ஏலாமியர் ஆண்ட பழைய நகரம் சூசா. அங்கே தோண்டிய பிரெஞ்சு அகழாய்வாளர்களுக்குக் கையடக்கமான சுடுமண் பெண் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை பல இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆடையற்ற உடல், அகன்ற இடுப்பு, கழுத்தணி, வளையல். இரு கைகளும் மார்பைத் தாங்கியிருக்கும். ‘வளமைத் தெய்வம்’ என்று சீட்டு ஒட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், உருவத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

முன்பக்கத்தில் அத்தனை நுணுக்கம். முதுகோ வெறும் தட்டை. ஒற்றை அச்சின் அடையாளம் அது. சுட்ட மண்ணில் செய்த குழிவான அச்சுக்குள் ஈரக் களிமண்ணை அழுத்தி, பின்புறத்தை விரலால் வழித்துச் சமன் செய்துவிடுவார்கள். அச்சில் நுண்துளைகள் இருப்பதால் அது களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சும். நீர் போகப் போக மண்துகள்கள் நெருங்கி, உருவம் சுருங்கி, தானே அச்சைவிட்டுக் கழன்றுவரும். பிறகு சூளை. ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் களிமண்ணின் படிகங்களுக்குள் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறிவிடும். அதன்பின் எத்தனை மழை பெய்தாலும் அது மீண்டும் சேறாகாது.

இந்தச் சுருக்கம் ஆய்வாளர்களுக்கு நல்ல துப்பு. களிமண் காய்ந்து வேகும்போது நீளத்தில் பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு குறையும். அச்சு தேய்ந்துபோய், முடிந்த பொம்மை ஒன்றின் மேலேயே மண்ணை அப்பிப் புது அச்சு எடுத்தால், அந்த அச்சும் சுருங்கும். அதில் பிறக்கும் பொம்மை மேலும் சுருங்கும். கழுத்தணியின் மணிகளும் மழுங்கும். ஒரே சாயலுள்ள இரண்டில் சிறியது, மங்கலானது பிந்தைய தலைமுறை என்று கணிக்கலாம்.

எல்லாமே அச்சு வேலை அல்ல. மேற்கு ஈரானில் கெர்மன்ஷா நகருக்கு அருகே தெப்பே சராப் என்ற தொல்லிடத்தில் கிடைத்த, கி.மு. 7-ஆம் ஆயிரமாண்டைச் சேர்ந்த பெண் உருவத்துக்குத் தொடை, மார்பு என்று தனித்தனியே உருட்டி ஒட்டியிருக்கிறார்கள். முகமே இல்லை. அப்படி ஒன்றைச் செய்தவர் அதை ஒருமுறைதான் செய்ய முடியும். சூசாக்காரரோ ஒரே பெண்ணை மறுபடி மறுபடி எடுத்திருக்கிறார். அத்தனை கைகளுக்கு அவள் தேவைப்பட்டிருக்கிறாள்.

தெய்வமா அவள்? பினிகிர், கிரிரிஷா என்று ஏலாமியப் பெண் தெய்வங்களின் பெயர்களைச் சிலர் சூட்டுகிறார்கள். உருவங்களில் அப்படி எந்தப் பெயரும் பொறிக்கப்படவில்லை. பல உருவங்கள் குடியிருப்புப் பகுதிகளில் உடைந்த நிலையில் கிடைத்தவை. கோயில் சிலையைவிட, பிள்ளைப்பேற்றுக்கோ காவலுக்கோ வீட்டில் வைத்திருந்த பொருள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.