பிரேக் மிதித்தால் அணைகிற விளக்கு

பெங்களூர் மர்பி டவுனில் இருக்கும் என் சித்தப்பா, கல்யாணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றில் ஜெனரேட்டரை ஏற்றி ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். அல்சூர் பூப்பல்லக்குக்கு வண்டி அனுப்ப வேண்டிய நாளில், மத்தியானம் சாப்பிடும் நேரத்தில் போன் செய்தார். "டேய், டிரெய்லர்ல இடது பக்க டெயில் லைட் பார்க்கிங் போட்டா நல்லா எரியுது, பிரேக்க மிதிச்சா அணைஞ்சு போகுது. மூணு பல்பு மாத்தியாச்சு. கொஞ்சம் வந்து பாரு."

பிரேக் மிதித்தால் இன்னும் பளிச்சென்று எரிய வேண்டிய விளக்கு அணைகிறது என்று கேட்டதுமே, கோளாறு பல்பிலும் இல்லை, பல்புக்கு வருகிற வயரிலும் இல்லை, திரும்பிப் போகிற வழியில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. டிரெய்லர் விளக்குகளில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் முடிகின்றன. ஆனால் எல்லோரும் முதலில் பல்பையும் ஃபியூஸையும்தான் மாற்றுகிறார்கள், ஏனென்றால் கரண்ட் வருகிறதா என்று பார்க்கத்தான் நமக்குப் பழக்கம், அது எப்படித் திரும்பிப் போகிறது என்று பார்ப்பதில்லை.

வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து விளக்குக்கு ஒரு வயர் போகும். நெகட்டிவுக்குத் திரும்பி வர பெரும்பாலும் தனி வயர் கிடையாது, வண்டியின் இரும்பு உடம்பேதான் திரும்பும் வழி. இதைத்தான் பாடி எர்த் என்கிறோம். காரிலும் ஜீப்பிலும் இது பல வருடம் தொந்தரவில்லாமல் ஓடும். டிரெய்லரில் அப்படி இல்லை. விளக்கின் தகரம் பிராக்கெட்டைத் தொட வேண்டும், பிராக்கெட் திருகு வழியாக டிரெய்லரின் அடிச்சட்டமான சேசிஸைத் தொட வேண்டும், சேசிஸ் கப்ளர் வழியாக, அதாவது விளக்கு வயர்களை ஜீப்போடு இணைக்கிற பிளக் வழியாக, ஜீப்போடு சேர வேண்டும். இத்தனை இணைப்பில் ஒன்றில் துரு ஏறினாலும் வழி அடைபட்டது. பெயிண்ட் அடித்த பிராக்கெட்டின் மேல் அப்படியே விளக்கைத் திருகி வைத்தாலும் இதே கதைதான்.

சரி, வழி அடைபட்டால் விளக்கு எரியாமல்தானே இருக்க வேண்டும்? பார்க்கிங் போட்டால் எப்படி எரிந்தது?

அந்தப் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது. கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். மெல்லியது 5 வாட், அது டெயில் லைட். தடித்தது 21 வாட், அது பிரேக். அடியில் ஈயப் பொட்டு போல இரண்டு முனைகள், இழைக்கு ஒன்று. இரண்டு இழைகளின் மறுமுனையும் ஒன்றாகச் சேர்ந்து பல்பின் பித்தளை உடம்பில் முடிகின்றன. அந்த உடம்புதான் எர்த். அது ஹோல்டரைத் தொட்டு, ஹோல்டர் தகரத்தைத் தொட்டு, அப்படியே சேசிஸுக்குப் போக வேண்டும்.

இப்போது அந்த எர்த் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிங் போட்டால் கரண்ட் 5 வாட் இழை வழியாக உள்ளே வந்து நடுவில் நிற்கிறது. வெளியே போக வழி இல்லை. ஆனால் பக்கத்திலேயே 21 வாட் இழை இருக்கிறதே, அதற்குள் பின்பக்கமாக நுழைந்து, பிரேக் வயர் வழியாக எதிர்த்திசையில் ஓடி, ஜீப்பின் பிரேக் பல்புகளுக்குள் போய், அவற்றின் நல்ல எர்த்தில் இறங்கிவிடுகிறது. சூடேறாத 21 வாட் இழையின் மின்தடை ஒரு ஓமுக்கும் கீழே, எரிகிற 5 வாட் இழைக்கோ 29 ஓம் அளவில் இருக்கும். அதனால் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட முழுவதும் 5 வாட் இழையிலேயே விழுகிறது. டெயில் லைட் நன்றாக எரிகிறது, பிரேக் பல்புகள் எதுவும் மினுங்கக்கூட இல்லை, எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றுகிறது. பிரேக்கை மிதித்ததும் பிரேக் வயரிலும் 12 வோல்ட் வந்துவிடும். இழைகளின் இந்த முனையில் 12, அந்த முனையிலும் 12. இரண்டு பக்கமும் ஒரே மட்டம் என்றால் கரண்ட் ஓட இடமே இல்லை. விளக்கு அணைகிறது.

கோளாறு எவ்வளவு ஒழுங்காக விதிக்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்கிறது என்று எப்போது பார்த்தாலும் எனக்கு அதிசயமாக இருக்கும்.

நேரில் போய்ப் பார்த்தபோது மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஜீப் பேட்டரியின் நெகட்டிவில் கிளிப் போட்டு நீள வயரால் பின்னால் கொண்டுவந்தேன். சிவப்பு முனையை விளக்கின் தகர உடம்பில் வைத்தேன், பாசிட்டிவ் வயரில் இல்லை. பார்க்கிங் போட்டபோது அரை வோல்ட்டுக்கும் குறைவு. தம்பியைப் பிரேக் மிதிக்கச் சொன்னதும் 12க்குத் தாவியது. எர்த்தாக இருக்க வேண்டிய தகரத்தில் முழு 12 வோல்ட்! சித்தப்பா குனிந்து மீட்டரை இரண்டு முறை பார்த்தார்.

இந்த அளவைத்தான் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும் என்பேன். விளக்கு எரியும்போது, பிரேக்கையும் மிதித்துப் பார்த்து, அதன் எர்த் பக்கத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை, ஒன்று ஒன்றரை என்று ஏறினால் வழியில் எங்கோ துரு உட்கார்ந்திருக்கிறது. விளக்கு எரியும்போது என்று சொன்னது முக்கியம். மல்டிமீட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்கிற கரண்ட் மிக மிகக் கொஞ்சம், டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். பத்துப் பதினைந்து இழையில் ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற வயரில் சும்மா மீட்டரை வைத்தாலும் ஜம்மென்று 12 காட்டும். சுமை ஏறினால்தான் அந்த வயரின் வண்டவாளம் தெரியும். அதனால்தான் பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் மீட்டரை நம்பாமல் ஹோல்டரோடு ஒரு 21 வாட் பல்பை வைத்துக்கொண்டு சோதிப்பார்கள். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும், வயர் உண்மையிலேயே நன்றாக இருந்தால்தான் முழு வெளிச்சம் வரும்.

வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தால் என்ன என்று நினைக்க வேண்டாம். டங்ஸ்டன் இழையின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைவதைவிட வெகு வேகமாகக் குறையும். 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் போனால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரவில் ஓசூர் ரோட்டில் பின்னால் வருகிற லாரிக்காரருக்கு அந்தப் பாதி போதாது. பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்று 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன.

எங்கள் டிரெய்லரில் விளக்கைக் கழற்றியதும் பிராக்கெட்டில் விரல் வைத்தால் செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. உப்புத்தாள் போட்டு வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்து, திருகு மாற்றி, அதோடு நிற்காமல் இரண்டு டெயில் லைட்டிலிருந்தும் கப்ளர் வரைக்கும் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்தோம். தேய்த்தது ஒரு மழைக்காலம் தாங்கும், தனி வயர்தான் நிலையான தீர்வு. சில டிரெய்லர்களில் எர்த் வயரே இல்லாமல், இழுக்கிற கொக்கியின் இரும்புக் குண்டு வழியாகவே கரண்ட் திரும்பட்டும் என்று விட்டிருப்பார்கள். அந்தக் குண்டில் கிரீஸ் தடவியிருக்கும், பள்ளத்தில் ஏறி இறங்கும்போது குதிக்கும், விளக்கெல்லாம் கூடவே துடிக்கும். இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்குகளும் மங்கலாகக் கூடவே மினுங்குகின்றன என்றால் டிரெய்லர் முழுவதற்குமான எர்த் போயிருக்கிறது என்று அர்த்தம்.

கப்ளரைத் திறந்தபோது பிரேக் பின்னில் பச்சைப் பொடி. ஈரம் உள்ளே போனால் பின்களுக்கு நடுவே அதுவே கொஞ்சம் கரண்டைக் கடத்தும், அப்போது பாசிட்டிவ் பக்கத்தில் இருக்கிற பின்தான் கரையும். அதே தண்ணீர் வயரின் இழைகளுக்கு நடுவே, திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும். வயரின் தோலைச் சீவினால் செம்பு கறுத்திருக்கும். சீவச் சீவ கறுப்புதான் வருகிறது என்றால் பளபளப்பான செம்பு தெரிகிற இடம் வரை வெட்டிப் போட்டுவிட வேண்டும், கறுத்த செம்பில் சால்டரும் பிடிக்காது.

7 பின் கப்ளரில் ஐ.எஸ்.ஓ. 1724 தரத்தின்படி வெள்ளை வயர்தான் எர்த், கறுப்பு இடது டெயில் லைட். கறுப்பு என்றாலே நெகட்டிவ் என்று பழகிய கை இங்கே தப்பு செய்யும். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், பழுப்பு வலது டெயில். ஆனால் பட்டறையில் செய்த டிரெய்லரில் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்கள், நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் இணைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து கப்ளரை மாட்டியதும் பார்க்கிங் ஃபியூஸ் போனது. எங்கோ ஷார்ட். ஃபியூஸாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்குப் பதில் அந்த இடத்தில் நம்முடைய 21 வாட் டெஸ்ட் பல்பையே இணைத்தோம். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும், ஆனால் அதன் இழையே கரண்டை இரண்டு ஆம்பியருக்குள் கட்டிப்போட்டுவிடுவதால் வயர் எதுவும் கருகாது. அதை எரியவிட்டு டிரெய்லரின் வயரைப் பிடித்து அடி அடியாக ஆட்டிக்கொண்டே போனேன். அச்சுக்கு மேலே, வயர் சேசிஸின் ஓட்டையில் நுழைகிற இடத்தில் ஆட்டியதும் பல்பு மங்கியது. ஓட்டையின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருந்தது. ஸ்லீவ் போட்டு, ஓட்டையில் ஒரு ரப்பர் கிராமெட் மாட்டி, ஃபியூஸ் வைத்தோம்.

ஐந்தரை மணிக்கு ஜெனரேட்டரோடு வண்டி தெருவில் இறங்கியது. முனையில் தம்பி பிரேக் மிதித்தான், இரண்டு பக்கமும் ஒரே அளவில் சிவந்தது.