காரப்பகுப்பு: அணுக்கழிவுக் கிடங்கில் செல்லுலோஸுக்கு நேர்வது

அணுக்கழிவு பற்றிய ஆங்கில நூல்களில் ‘டிகே’, ‘டிகிரடேஷன்’ என்ற இரு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் எழுதும்போது இரண்டையும் ‘சிதைவு’ என்றே எழுதிவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. வேறு துறைகளில் இதனால் பெரிய குழப்பம் நேராது. இந்தத் துறையில் நேரும், ஏனெனில் இங்கே இந்த இரண்டும் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. கதிரியக்கச் சிதைவு என்பது அணுக்கருவில் நடப்பது. அது காலப்போக்கில் கழிவின் கதிரியக்கத்தைக் குறைக்கிறது. கழிவோடு சேர்ந்து கிடக்கும் தாள், பஞ்சு, மரம் ஆகியவற்றிலுள்ள செல்லுலோஸ் உடைவது மூலக்கூறில் நடப்பது; அது கதிரியக்கத்தைச் சிறிதும் குறைப்பதில்லை, மாறாக அசையாமல் கிடக்க வேண்டிய தனிமங்களை நீரோடு நகரச் செய்யும் ஆற்றலுடையது. ‘கிடங்கில் சிதைவு நடைபெறுகிறது’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் நிம்மதி அடைவதா கவலைப்படுவதா என்பதே தெரியாது.

சொற்களின் பிறப்பைப் பார்த்தாலும் இவை வேறானவைதாம். ‘டிகே’ என்பது கீழே விழுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘டிகிரடேஷன்’ என்பதன் உள்ளே படி என்று பொருள்தரும் ‘கிராதுஸ்’ என்ற இலத்தீன் சொல் இருக்கிறது. படியிறங்குதல் என்பதே அதன் நேர்ப்பொருள். நீண்ட சங்கிலி மூலக்கூறு ஒன்று படிப்படியாகச் சிறு மூலக்கூறுகளாக இறங்கிவருவதற்கு அது பொருத்தமான சொல்தான். தமிழில் எதனால் பகுக்கப்படுகிறதோ அதை முன்னிறுத்திச் சொல்லாக்கும் மரபு நம் வேதியியல் பாடநூல்களில் ஏற்கெனவே உள்ளது. மின்னால் பகுப்பது மின்னாற்பகுப்பு, நீரால் பகுப்பது நீராற்பகுப்பு. அந்த வரிசையில், காரத்தால் செல்லுலோஸ் பகுபடுவதைக் ‘காரப்பகுப்பு’ என்று வழங்கலாம் என்பது என் கருத்து. ‘சிதைவு’ என்ற சொல்லை அணுக்கருவுக்கே விட்டுவிடுவது நல்லது.

செல்லுலோஸ் என்ற பெயரை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயென். 1838இல் அவர் தாவரத் திசுக்களிலிருந்து இப்பொருளைப் பிரித்துக் காட்டினார். சிற்றறை என்று பொருள்படும் ‘செல்லுலா’ என்ற இலத்தீன் சொல்லோடு, குளுக்கோஸில் உள்ள ‘ஓஸ்’ என்ற விகுதி சேர்ந்து இப்பெயர் உருவாயிற்று. பஞ்சு ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸே. மரத்திலும் தாளிலும் அதுவே பெரும்பங்கு. இதற்குத் தனித்தமிழ்ப் பெயர் ஒன்றை வலிந்து படைப்பதைவிட, சேர்மத்தின் பெயராகச் செல்லுலோஸ் என்பதையே வைத்துக்கொண்டு, அதற்கு நேரும் மாற்றங்களைத் தமிழில் தெளிவாகப் பிரித்துச் சொல்வது பயன் மிக்கது.

அணுக்கழிவில் செல்லுலோஸ் எப்படி வந்து சேர்கிறது என்பதை இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு வளாகத்தில் கையாளப்படும் புளூட்டோனியக் கறை படிந்த கழிவைக் கொண்டு பார்க்கலாம். அங்கே 200 லிட்டர் உருளைக் கலங்களுக்குள் இருப்பவற்றில் பெரும்பாலானவை வேலைக்கூடத்தின் அன்றாடப் பொருள்கள்: துடைத்த தாள், பஞ்சுத் துணி, கையுறை, நெகிழிப் பை, வடிகட்டி. இந்தக் கலங்களை அப்படியே பெரும் அழுத்தத்தில் தட்டையாக நசுக்கி, நசுங்கிய வில்லைகளை 500 லிட்டர் கலத்துக்குள் அடுக்கி, இடைவெளிகளில் சிமெண்ட் கூழை ஊற்றி இறுக விடுகிறார்கள். சிமெண்ட் கலத்தைத் தாங்குவதற்காக மட்டும் ஊற்றப்படுவதில்லை. அதன் துளைகளில் தேங்கும் நீர் கடுங்காரமாக இருக்கும். தொடக்கத்தில் சோடியம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடுகளால் அதன் பிஎச் மதிப்பு 13ஐத் தாண்டும், பின்னர் கால்சியம் ஹைட்ராக்சைடு அதை நெடுங்காலம் 12.5 அளவில் நிறுத்திவைக்கும். இந்தக் காரநிலையில் புளூட்டோனியம், தோரியம் போன்றவை மிகமிகக் குறைவாகவே கரையும். கரைந்த சிறிதளவும் சிமெண்டின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். கிடங்கின் பாதுகாப்பு பெரிதும் இந்த வேதியியலை நம்பியே இருக்கிறது. ஆனால் எந்தக் காரம் புளூட்டோனியத்தை முடக்குகிறதோ, அதே காரம்தான் பஞ்சையும் தாளையும் தாக்குகிறது.

காரப்பகுப்பின் முதன்மையான வினைக்குக் காகிதத் தொழிலில் ‘உரிதல்’ என்று பொருள்படும் பெயர் உண்டு. மரத்தைக் காரத்தில் வேகவைத்துக் கூழாக்கும் ஆலைகளில் கூழின் விளைச்சல் குறைவதற்கு இதுவே காரணம் என்பதால், அணுக்கழிவுத் துறையினர் கவனிப்பதற்கு வெகு முன்பே காகித வேதியியலாளர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. அதன் ஒரு முனை மட்டும் ஒடுக்கும் பண்புடையது, அதாவது பிற பொருள்களுக்கு எலக்ட்ரான் தரக்கூடியது. காரம் அங்கேதான் பிடிக்கிறது. முனையிலுள்ள அலகு முதலில் ஃபிரக்டோஸ் வடிவத்துக்கு மாறுகிறது, பிறகு சங்கிலியோடு அதற்குள்ள பிணைப்பு அறுகிறது, கழன்ற துண்டு தன்னுள்ளேயே இடமாறி ஓர் அமிலமாகிறது. இதற்குள் சங்கிலியில் புதிய முனை வெளிப்பட்டுவிடும். நாரின் ஓரத்தில் முடிச்சவிழ்ந்த பூமாலையில் பூக்கள் ஒவ்வொன்றாகக் கழல்வதைப் போல வினை தொடரும். சில சமயம் முனை வேறு வடிவத்துக்கு மாறி உறைந்துபோக, உரிதல் நின்றுவிடுவதும் உண்டு. அப்போதும் சங்கிலியின் நடுவே எங்கேனும் காரம் மெல்ல ஒரு பிணைப்பை அறுக்குமானால் புதிய முனை தோன்றி உரிதல் மீண்டும் தொடங்கும். முன்னதை ‘முனையுரிதல்’ என்றும் பின்னதை ‘இடைமுறிதல்’ என்றும் சொல்லலாம்.

முனையுரிதலில் பிறக்கும் முதன்மையான விளைபொருள் ஐசோசாக்கரினிக் அமிலம். இந்தப் பெயர் நம் காதுக்கு அந்நியமாகத் தோன்றினாலும் அதன் நடுவே இருப்பது சர்க்கரை. பருக்கைக் கல், மணல் என்று பொருள்பட்டுப் பின்னர் கரும்பின் படிகக் கட்டிக்கும் ஆகிவந்த ‘சர்க்கரா’ என்ற வடசொல், ஒரு பக்கம் தமிழில் சர்க்கரையாயிற்று. மறுபக்கம் கிரேக்கத்தில் ‘சாக்கரோன்’ ஆகி, இலத்தீனில் ‘சாக்கரும்’ ஆகி, ஐரோப்பிய வேதியியலாளர் கைக்குப் போயிற்று. சர்க்கரைகளைச் சுண்ணாம்போடு வினைபுரியச் செய்து கிடைத்த பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் பெலிகோ 1880ஐ ஒட்டிச் ‘சாக்கரின்’ என்று பெயரிட, அந்த வகை அமிலங்கள் சாக்கரினிக் அமிலங்கள் எனப்பட்டன. ஏறக்குறைய அதே காலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை இனிப்பும் சாக்கரின் என்றே பெயர் பெற்றது. இரண்டுக்கும் வேதி உறவு எதுவும் இல்லை. முன்னொட்டான ‘ஐசோ’ சமம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். இதன் மூலக்கூறில் ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன; குளுக்கோஸின் எண்ணிக்கையும் அதுவே. இத்தனை உறவு இருந்தும் இதைச் ‘சர்க்கரை அமிலம்’ என்று தமிழாக்கக் கூடாது. சாக்கரிக் அமிலம் என்ற வேறொரு சேர்மம் இருக்கிறது. அந்தப் பெயர் அதற்குத்தான் போய்ச் சேரும். ஐசோசாக்கரினிக் அமிலம் என்று முழுமையாக எழுதுவதே பிழையற்றது.

இந்த அமிலத்தின் ஆபத்து அதன் பிடிப்பில் இருக்கிறது. கடுங்காரத்தில் இது தன் ஆக்சிஜன் அணுக்களால் உலோக அயனியைப் பல இடங்களில் ஒருசேரப் பற்றி, நீரில் கரையும் அணைவுச் சேர்மமாக்கிவிடும். நம் பாடநூல்கள் ஈனி, கொடுக்கிணைப்பு என்று கற்பிப்பது இதைத்தான். நான்கு நேர்மின்சுமை கொண்ட புளூட்டோனியம், தோரியம் போன்றவற்றோடு இதன் பிணைப்பு வலுவானது. சிமெண்டின் பரப்பில் ஒட்டியிருக்க வேண்டியது நீருக்கு வந்துவிடும். இதற்கு ஓரளவு தடையும் உண்டு: இந்த அமிலத்தின் கால்சியம் உப்பு எளிதில் கரையாது, அமிலமேகூடச் சிமெண்டில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே நீரில் அதன் செறிவு ஓர் எல்லைக்கு மேல் உயர்வதில்லை. அந்த எல்லைக்குள் செறிவு எவ்வளவு இருக்கும் என்பது கலத்துக்குள் எவ்வளவு தாளும் துணியும் போயின என்பதைப் பொறுத்தது. இதனால்தான் கழிவுக் கிடங்குகளின் பாதுகாப்பு மதிப்பீட்டில், கதிரியக்கம் சிறிதும் இல்லாத செல்லுலோஸும் தனியாகக் கணக்கிடப்படுகிறது.

இது எவ்வளவு காலத்தில் நடக்கும்? உயர் வெப்பநிலையில் அளந்த வேகங்களைக் கொண்டு கணித்தபோது, குளிர்ந்த கிடங்கில் இடைமுறிதல் மிகமிக மெதுவாகவே நடக்கும் என்று தோன்றியது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் கிளவுஸ், வான் லூன் ஆகிய ஆய்வாளர்கள் பஞ்சு, தாள் போன்றவற்றைச் சிமெண்ட் துளைநீரை ஒத்த கரைசலில் சாதாரண வெப்பநிலையிலேயே 12 ஆண்டுகள் வைத்திருந்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்து வேகம் தணிந்த பின்னரும் வினை நிற்கவில்லை. செல்லுலோஸ் முழுவதும் பகுபடச் சில ஆயிரம் ஆண்டுகளே போதும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். புளூட்டோனியம்-239இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 24,100 ஆண்டுகள். அதாவது புளூட்டோனியம் பாதியாகச் சிதைவதற்கு வெகு முன்பே காரப்பகுப்பு முடிந்துவிடும். ஓய்வின்றி 12 ஆண்டுகள் ஒரு குப்பியைக் காத்திருக்கும் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். கணிப்பால் கிடைக்காத விடை அது.

காரப்பகுப்பிலிருந்து ‘மக்குதல்’ என்பதையும் பிரித்து வைக்க வேண்டும். மக்கும் குப்பை என்று நாம் அன்றாடம் சொல்வது நுண்ணுயிர்களின் வேலையை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் கார்ல்ஸ்பாட் அருகே, 1999 முதல் உப்புப் படுகைக்குள் கழிவைப் புதைக்கும் கிடங்கில் அஞ்சப்படுவது மக்குதலே. அங்கே செல்லுலோஸை நுண்ணுயிர்கள் தின்று வெளியிடக்கூடிய கார்பன் டைஆக்சைடு, உப்புநீரின் தன்மையை மாற்றிப் புளூட்டோனியம் போன்றவற்றின் கரைதிறனை உயர்த்தக்கூடும் என்பதால், கழிவுக் கலங்களின்மேல் மக்னீசியம் ஆக்சைடு மூட்டைகளை அடுக்கி அவ்வாயுவை உறிஞ்ச ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பக்ஸ்டன் அருகே ஹார்ப்பர் ஹில்லிலோ மக்குதல் உதவிக்கு வருகிறது. பழைய சுண்ணாம்புக் காளவாய்களின் கழிவால் காரம் ஊறிப்போன அந்த மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாக்கள், ஐசோசாக்கரினிக் அமிலத்தையே உணவாக்கி உடைப்பதை மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் கிடங்கின் காரம் நாள்பட நாள்படத் தணியும்போது, காரப்பகுப்பு தந்த அமிலத்தை மக்குதல் அழிக்கும் வாய்ப்பு அங்கேயும் உண்டு.