நொதியா, உயிரூக்கியா?

உயிரணுக்கள் ஆக்கும், வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருளான ‘என்சைம்’ என்பதற்கு ‘உயிரூக்கி’ என்று எழுதும் வழக்கத்தை உடல்நலக் கட்டுரைகளில் அடிக்கடி காண்கிறேன். ‘நொதி’ என்ற சொல் பாடநூல்களில் வேரூன்றி நிற்கையில் இப்புதுச் சொல்லுக்கு என்ன தேவை வந்தது என்று விளங்கவில்லை.

என்சைம் என்பது ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே 1877-இல் கிரேக்க வேர்களைக் கொண்டு ஆக்கிய சொல். ‘ஈஸ்ட்டின் உள்ளே இருப்பது’ என்பது அதன் பொருள். புளித்துப் பொங்குவது நமக்கு நொதித்தல், ஆகவே நொதி. இலங்கையில் நொதியம் என்பார்கள், அதுவும் நன்றே.

நொதி என்றால் புளிப்பது மட்டுமே நினைவுக்கு வருகிறது, அதன் பணியான வினையூக்கம், அதாவது வேதிவினையை விரைவுபடுத்துதல், தெரிவதில்லை என்பது உயிரூக்கிக்காரர்களின் வாதம். பணியைச் சொல்லும் பெயரை விரும்புவது தவறன்று. ஆனால் சொல்லப்படும் பணி சரியாக இருக்க வேண்டும். வினையூக்கி என்ற தொகையை விரித்தால் வினையை ஊக்குவது என்று வரும். உயிரூக்கியை விரித்தாலோ உயிரை ஊக்குவது என்றுதான் வரும். உயிருக்குள் நிகழும் வினையை ஊக்குவது என்றே கொள்ள வேண்டும் என்பவர்கள், நடுவில் இருக்க வேண்டிய ‘வினை’யைத் தாங்களே விழுங்கிவிட்டு, அதைத் தேடும் வேலையைப் படிப்பவர் தலையில் சுமத்துகிறார்கள். படிப்பவரோ அதை ஏதோ சத்து மருந்து என்று எண்ணிக்கொள்கிறார். போதாக்குறைக்கு, ஹார்மோனை ‘வளரூக்கி’ என்று எழுதுவோரும் இருப்பதால் இரண்டும் குழம்புகின்றன.

உண்மையில் நொதி எதற்கும் ஆற்றலை ஊட்டுவதில்லை. வினை நிகழக் கடந்தாக வேண்டிய கிளர்வு ஆற்றலின் அளவைக் குறைக்கிறது, அவ்வளவே. வினை இறுதியில் எந்த அளவில் நிலைகொள்ளும் என்ற சமநிலையை அது மாற்றுவதுமில்லை. புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரை பொங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தானாகவே மெல்லச் சிதையக்கூடிய அந்தப் பெராக்சைடை, இரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி நொடிப்பொழுதில் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. நுரையில் இருப்பது அந்த ஆக்சிஜன். வினை முடிந்ததும் நொதி மாறாமல் மீண்டு, அடுத்த மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. இவ்வகையில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியின் ஒரே மூலக்கூறு நொடிக்குச் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை வினைப்படுத்த வல்லது.

உயிரூக்கி என்ற பெயருக்கு எதிரான வலுவான சான்று 1897-லேயே கிடைத்துவிட்டது. ஜெர்மானிய வேதியியலாளர் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட் செல்களை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத சாற்றைக் கொண்டே சர்க்கரையை நொதிக்கச் செய்தார். 1907-இல் வேதியியல் நோபல் பரிசும் பெற்றார். நொதித்தலுக்கு உயிருள்ள செல்லே வேண்டும் என்ற கொள்கை அத்துடன் வீழ்ந்தது. இன்று சலவைத்தூளில்கூட நொதி கலக்கிறார்கள். அங்கே அது எந்த உயிரை ஊக்குகிறது?

‘உயிர்வினையூக்கி’ என்று விளக்கமாக எழுதினால் எனக்கு மறுப்பில்லை. எல்லா நொதிகளையும் ‘செரிமான நீர்’ என்று மொழிபெயர்ப்பவர்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. உமிழ்நீர் நீர்தான், அதில் கரைந்திருக்கும் அமைலேஸே நொதி, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பாலிமரேஸுக்கோ செரிமானத்தோடு தொடர்பே இல்லை.