நிஞ்ஜா தண்ணி மேல நடந்தாரா?

ஜப்பான்ல மியே மாகாணத்துல இகான்னு ஒரு ஊரு, சுத்தியும் மலை, ஷினோபி, அதாவது நிஞ்ஜான்னு சொல்ற ஒற்றர்களுக்குப் பேர் போன இடம். அங்க இருக்கிற நிஞ்ஜா மியூசியத்துல ஒரு வீடு இருக்கு, வெளியில பாத்தா சாதாரண கூரை வேஞ்ச விவசாயி வீடு, உள்ள பூரா தந்திரம். (கறுப்பு டிரஸ் எல்லாம் பிற்காலத்து நாடகமும் ஓவியமும் மாட்டிவிட்டது, நிஜத்துல ஊரோட ஊரா தெரியறதுதான் அவங்க தொழிலே.)

அங்க சுழல் சுவர் ஒண்ணு காட்டுவாங்க. கதவு மாதிரி ஓரத்துல கீல் இல்ல, நடுவுல அச்சு. எடை ரெண்டு பக்கமும் சமமா இருக்கிறதால தொங்காது, தோளால ஒரு தள்ளு தள்ளினா சட்டுனு அரைச்சுத்து சுத்தி நீங்க அந்தப் பக்கம் போயிடுவீங்க, ரெண்டு முகமும் ஒரே மாதிரிங்கிறதால துரத்தி வந்தவனுக்கு வெறும் சுவருதான் தெரியும். தரைப் பலகையில ஒரு ஓரத்தை மிதிச்சா மறு ஓரம் தூக்கும், அடியில கத்தி, பசங்க பார்க்குல ஏறி இறங்கி ஆடற சீசா பலகை தத்துவம்தான். ஷுரிகென்ங்கிற நட்சத்திர வடிவ எறிகத்தியை எறிஞ்சும் பாக்கலாம், பம்பரம் மாதிரி சுழல்றதால தடுமாறாமப் போகும், எல்லாப் பக்கமும் கூர் இருக்கிறதால ஏதோ ஒண்ணு குத்திடும்.

எனக்குப் பிடிச்சது மிஸுகுமோ, அதாவது நீர்ச்சிலந்தி. 1676-ல தொகுத்த பன்சென்ஷூகாய்ங்கிற நிஞ்ஜா கையேட்டுல படத்தோட இருக்கு, சுமார் 65 செ.மீ. விட்டத்துல மர வளையம், நடுவுல சின்னப் பலகை. ஆளுக்கு ரெண்டு கால்லயும் கட்டிக்கிட்டு அகழியில நடந்தாங்கன்னு ரொம்ப நாளா கதை. கணக்கு போட்டுப் பாப்போமே. ஓட்டையே இல்லாத முழுப் பலகை, 2 செ.மீ. கனம்னு தாராளமா வச்சுக்கிட்டாலும் ஒண்ணோட கன அளவு 6.6 லிட்டர்தான். ரெண்டும் முழுசா முங்கினா தள்ளற தண்ணி சுமார் 13 கிலோ, அதுல பாதி மரத்தோட சொந்த எடைக்கே போயிடும். மிச்சம் 6, 7 கிலோ, ஒரு பூனை வேணா சொகுசா உக்காந்து போகலாம், 60 கிலோ ஆளு நேரா உள்ளதான்.

அப்ப எதுக்கு? மிதவை மாதிரி மேல உக்காந்து துடுப்பு போட்டாங்கன்னு சிலர் சொல்றாங்க, ஆனா உக்காந்தாலும் மரம் அதே மரம்தானே, காத்தடைச்ச தோல்பை மாதிரி கூட ஏதாவது வேணும். சேறான அகழியில, சதுப்புல போடறதுக்குன்னு சொல்றது எனக்கு நம்பற மாதிரி இருக்கு. சேத்துல மிதக்கணும்னு அவசியம் இல்ல, எடை அகலமா பரவினாப் போதும், வயல்ல பரம்படிக்கறப்ப பலகை மேல ஆளே ஏறி நின்னாலும் அது புதையாம வழுக்கிட்டுப் போகுதுல்ல, அதே சமாச்சாரம்.