ஃபெண்டர் என்னும் சக்கரக்காப்பு

ஃபெண்டர் என்பது காரின் சக்கரத்துக்கு மேலே வளைந்து கவிந்திருக்கும் தகடு. சக்கரம் சுழலும்போது வாரி இறைக்கும் சேறும் தண்ணீரும் சரளைக்கல்லும் ஓட்டுநர்மீதும், வண்டியின் உடல்மீதும், பின்னால் வருபவர்மீதும் விழாமல் தடுப்பது அதன் வேலை. நம் ஊரில் இதை மட்கார்டு என்கிறோம். அமெரிக்காவில் காருக்கும் சைக்கிளுக்கும் ஃபெண்டர்தான். பிரிட்டனில் சைக்கிளில் இருப்பது மட்கார்டு, காரில் இருப்பது 'விங்', அதாவது சிறகு. பழைய ஃபோர்டு காரைப் பிரித்து ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய கார், கட்டுகிறவர்களுக்கு வேலை தொடங்கும் முன்பே எழும் கேள்வி ஒன்று உண்டு: ஃபெண்டர் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா? சொல்லின் வரலாறு தெரிந்தால் அந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் கருத்து.

காப்பவர் என்று பொருள்படும் 'டிஃபெண்டர்' என்ற சொல்லின் தலை உதிர்ந்து மிஞ்சியதே ஃபெண்டர். அதன் வேர் இலத்தீனின் 'டிஃபெண்டெரே'. 'ஃபெண்டெரே' என்பது அடித்தல், மோதுதல். 'டி' என்ற முன்னொட்டு அப்பால் தள்ளுவதைக் குறிக்கும். வருகிற அடியை விலக்குவது என்று பொருள் கொள்ளலாம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபின், இடைக்காலத்திலேயே முதல் அசை பேச்சில் தேய்ந்துவிட்டது. வேலியைக் குறிக்கும் 'ஃபென்ஸ்' இதே போல் 'டிஃபென்ஸ்' என்பதிலிருந்து உதிர்ந்தது. வாள் விளையாட்டான 'ஃபென்சிங்' அதிலிருந்து கிளைத்தது. தாக்குதலைக் குறிக்கும் 'அஃபென்ஸ்' கூட அதே 'அடித்தல்' வேரில் முளைத்ததுதான்.

கார் பிறப்பதற்குப் பல காலம் முன்பே கப்பலில் ஃபெண்டர் இருந்தது. கப்பல் துறையில் அணையும்போது அதன் பக்கப்பலகை கற்சுவரில் உராய்ந்து சிதையாமல் இருக்கக் கயிற்றுச் சுருளையோ மரக்கட்டையையோ இடையில் தொங்கவிட்டார்கள். சென்னைக் காசிமேட்டில் விசைப்படகுகளின் பக்கவாட்டில் தொங்கும் பழைய டயர்கள் செய்வதும் அதே வேலைதான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கணப்பிலிருந்து கங்கு உருண்டு தரைவிரிப்பில் விழாமல் தடுக்கும் குட்டையான உலோக வேலிக்கு இந்தப் பெயர் சென்றது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது, குறுக்கே வந்து விழுந்தவரை சக்கரத்துக்கு அடியில் போகவிடாமல் ஏந்திக்கொள்ளும் சட்டம் ஒன்றை முன்னால் பொருத்தினார்கள். அதுவும் ஃபெண்டர். அங்கே காக்கப்பட்டது பாதசாரியின் உயிர்.

பிறகுதான் காரின் சக்கரத்தகடு இந்தப் பெயரைப் பெற்றது. தொடக்கத்தில் அமெரிக்கர்களும் மட்கார்டு என்று சொன்னதுண்டு. அவர்கள் மாறிக்கொண்டார்கள், பிரிட்டனின் சொல் நம்மிடம் தங்கிவிட்டது. ஜெர்மானியர் இதைச் 'சேற்றுச்சிறகு' என்று பொருள்படும் 'கோட்ஃப்லூகெல்' என்கிறார்கள். பிரெஞ்சில் காருக்குச் சிறகு, சைக்கிளுக்குச் சேறு காப்பான். டாஷ்போர்டின் கதையும் இதற்குப் பக்கத்தில் இருப்பதுதான். இன்று வேகமானியும் திரையும் இருக்கும் அந்த இடம், குதிரை வண்டிக் காலத்தில் குளம்படியிலிருந்து தெறிக்கும் சேற்றைத் தடுத்த முன்பலகை. சேற்றோடு நடந்த சண்டையில்தான் பாதிக் காருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

தமிழுக்கு வருவோம். அச்சு, ஆரக்கால், குடம், நுகம், பார் என்று வண்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும் நம்மிடம் பெயர் உண்டு. உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சைக்கூட 'சேமவச்சு' என்று புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். இத்தனை நுணுக்கம் இருந்தும் சக்கரத்துக்கு மேலே கவியும் தகட்டுக்குப் பழைய சொல் கிடைக்காததன் காரணம் எளியது. மாடு நடக்கும் வேகத்தில் சக்கரம் சேற்றை வாரி வீசுவதில்லை. பொருள் தேவைப்படவில்லை, பெயரும் தேவைப்படவில்லை.

இன்று புதிதாகச் சொல் ஆக்குவதானால் என்ன சொல்லலாம்? 'சேற்றுத்தடுப்பு' சைக்கிளுக்குப் பொருந்தும். ஆனால் வெயிலில் சரளைச்சாலையில் கல்லைத் தடுக்கும் தகட்டைச் சேற்றோடு மட்டும் கட்டிப்போடுகிறது. 'சிறகு' உருவத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. 'கவசம்' பொருந்தாத அளவுக்குப் போர்க்களத்தை நினைவூட்டுகிறது. நான் பரிந்துரைப்பது 'சக்கரக்காப்பு'. கா என்ற வினையடியில் பிறந்த காப்பு, டிஃபெண்டர் என்பதன் வேர்ப்பொருளை நேராகத் தருகிறது. நூலின் தொடக்கத்தில் இடையூறு வராமல் வேண்டிப் பாடுவது காப்புச் செய்யுள்; கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம்; குழந்தையின் கையில் வளைந்து கிடப்பதும் காப்பு. காவல் என்ற பொருளும் வளைந்து அணியும் உருவமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. சக்கரத்தின்மேல் வளைந்து கிடக்கும் தகட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறு தோன்றவில்லை. 'சக்கரக்காப்பு' என்று ஒற்று மிகுத்துச் சேர்த்து எழுத வேண்டும்.

துறைமுக ஃபெண்டருக்கு 'உராய்வுக்காப்பு' போதும். காரின் முனையில் இருக்கும் பம்பருக்கு 'மோதுதாங்கி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. பம்பரையும் ஃபெண்டரையும் குழப்பக் கூடாது. கிட்டாரில் காணும் ஃபெண்டர் என்ற பெயர் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டரின் குடும்பப் பெயர். அதை மொழிபெயர்க்கவே கூடாது. சைக்கிள் கடையில் மட்கார்டு என்றே கேட்கலாம், அதில் யாருக்கும் நட்டமில்லை.

இனி அந்தக் கேள்வி: ஃபெண்டரை எடுத்துவிடலாமா? ஹாட் ராட் என்ற பெயர் 1940களில் தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து பரவியது. 'ஹாட் ரோட்ஸ்டர்' (ரோட்ஸ்டர் என்பது நிலையான கூரை இல்லாத திறந்த கார்) என்பதன் சுருக்கம் என்பாரும், எஞ்சினுக்குள் இருக்கும் தண்டிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. பெயருக்கு முன்பே பழக்கம் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகள் இருக்கின்றன. தண்ணீர் வற்றிக் கெட்டித்த களிமண் தரை, கண்ணுக்கு எட்டிய தூரம் சமதளம். 1930களில் இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டுகளை அங்கே கொண்டுபோய் வேகம் பார்த்தார்கள். 1937இல் தெற்குக் கலிஃபோர்னிய நேரக்கணிப்புச் சங்கம் உருவாகி, ஓட்டங்களுக்கு ஒழுங்கு வந்தது. மியூராக்கைப் பின்னர் ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்று அது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தின் பகுதி. எல் மிராஜில் இப்போதும் ஓட்டம் நடக்கிறது.

ஏரிப்படுகையில் சேறு இல்லை, எதிரே வண்டி இல்லை. காக்கவேண்டிய எதுவும் இல்லாத இடத்தில் காப்பு வெறும் சுமை. காற்றையும் தடுத்து வேகத்தைக் குறைக்கும். ஆகவே சக்கரக்காப்பையும், முன்கண்ணாடியையும், விளக்குகளையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓடினார்கள். ஊர் திரும்பும்போது சிலர் மீண்டும் மாட்டினார்கள். சிலர் மாட்டவில்லை, அந்த மொட்டைத் தோற்றமே அழகு என்று ஆயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அந்தத் தோற்றம் நாடு முழுவதும் பரவியது.

ஆனால் எல்லாக் காரும் காப்பு இல்லாமல் அழகாக நிற்பதில்லை. 1932 ஃபோர்டு நிற்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்திய மாடல் ஏ காரில், உடற்கூட்டுக்கும் படிப்பலகைக்கும் நடுவே ஒரு மறைப்புத் தகடு உண்டு. அடிச்சட்டம் அதன் பின்னால் மறைந்திருக்கும். பார்ப்பதற்காகச் செய்யப்படாத வெறும் இரும்பு அது. 1932இல் ஃபோர்டு அந்தத் தகட்டை எடுத்துவிட்டு, அடிச்சட்டத்தின் பக்கத்தையே வெளியே தெரியும்படி வைத்தது. அதன் நெடுக அழுத்தி எடுத்த ஒரு வரி ஓடுகிறது. கதவுக்குக் கீழே நேராகப் போய், முன்னும் பின்னும் காப்பு வளையும் போக்கில் வளைகிறது. காப்பைக் கழற்றினால், யாரோ திட்டமிட்டுத் தீட்டியது போன்ற முழு விளிம்பு கண்ணில் படும். பின்பக்கம் இரண்டு சட்ட முனைகளுக்கும் நடுவே பெட்ரோல் டாங்கி ஒழுங்காக அமர்ந்திருக்கும். உடற்கூடு சட்டத்தின்மேல் உயரமாக உட்கார்ந்திருப்பதால் இந்த வகைக்கு 'ஹைபாய்' என்று பெயர். 1932இன் கடைசி இலக்கத்தால் இந்தக் காரையே 'டியூஸ்', அதாவது சீட்டுக்கட்டில் இரண்டு, என்று அழைக்கிறார்கள். மாடல் ஏ உடற்கூட்டைத் தூக்கி 1932 சட்டத்தின்மேல் வைக்கும் வழக்கம் தோன்றியதும் இந்த வரிக்காகத்தான்.

மலிவான காருக்கு எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினை ஃபோர்டு கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான்: 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். வேகமும் தோற்றமும் ஒரே காரில் சேர்ந்தன. ஹாட் ராட் கட்டுநரான டோன் ஸ்பென்சர் 1940களில் கட்டிய 1932 ரோட்ஸ்டர் ஒரு ஹைபாய். பெப்பிள் பீச் கார் அழகுக் கண்காட்சி 1997இல் முதன்முறையாக ஹாட் ராட்களுக்கு இடம் தந்தபோது, அந்தப் பிரிவில் வென்றது அந்தக் கார். காப்பு இல்லாத தோற்றம் அதற்கு இயல்பாகவே அமைந்தது.

1933, 1934 ஃபோர்டுகளில் கதை மாறுகிறது. காப்பு நீண்டு, ஓரத்தில் பாவாடை போல் இறங்கி, உடலின் சாய்வோடு ஒன்றிப்போகிறது. அதைக் கழற்றினால் கார் இடுப்பில் துணி இல்லாமல் நிற்கிறது. நன்றாகக் கட்டியவர்கள் உண்டு, ஆனால் வரைந்தவரின் கோடு பாதியில் அறுந்துபோகும். 1935 முதல் 1948 வரையிலான கார்களை 'ஃபேட் ஃபெண்டர்', பருத்த காப்புடையவை, என்று அழைக்கிறார்கள். அங்கே காப்புதான் காரின் உருவம். 1949 ஃபோர்டில் பக்கம் முழுவதும் தட்டையாகி, காப்பு உடலுக்குள்ளேயே கரைந்துவிட்டது. அதன்பின் எடுக்க எதுவும் இல்லை.

கழற்றுவதை ஆறு நட்டுகளை முறுக்கும் வேலையாக நினைத்து ஆரம்பித்தவர்கள் அதன்பின் நெடுநாள் உட்கார்ந்திருப்பார்கள். காப்பு போனால் படிப்பலகை போகும். 1932இல் முன்விளக்குகளைத் தாங்கும் குறுக்குக்கம்பி காப்போடு பிணைந்தது. அதற்கு வேறு தாங்கி செய்ய வேண்டும். அச்சு, வில்பட்டை, ஸ்டீயரிங் தண்டு, பிரேக் குழாய் எல்லாம் ஊர் பார்க்க வெளியே வரும். அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத வெல்டிங் தழும்பைத் தேய்த்து, பட்டி பார்த்து, வண்ணம் பூசியாக வேண்டும்.

மழையில் இன்னும் தெளிவாகும். முன்சக்கரத்தின் உச்சியிலிருந்து தண்ணீர் முன்னோக்கி மேலே வீசப்படும். கார் ஓடிவரும் காற்று அதைத் திருப்பி ஓட்டுநர் முகத்தில் அடிக்கும். திறந்த ரோட்ஸ்டரில் அது கண்ணாடிக்கு மேலாகவும் உள்ளே விழும். பின்சக்கரம் எறியும் கல், பின்னால் வருகிறவரின் கண்ணாடியைத் தேடிப் போகும். சட்டம் கவலைப்படுவது அவரைப் பற்றித்தான். கலிஃபோர்னிய வாகனச் சட்டத்தின் 27600ஆம் பிரிவு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சக்கரமுள்ள மோட்டார் வாகனத்தில் தண்ணீரும் சேறும் பின்னால் தெறிப்பதைக் குறைக்கும் காப்போ மறைப்போ மடலோ இருக்க வேண்டும் என்கிறது. உடற்கூடே அந்த வேலையைச் செய்தாலும் போதும். 1971 ஜனவரி 1க்கு முன் தயாராகி முதல்முறை பதிவான, 1,500 பவுண்டுக்குக் குறைந்த எடையுள்ள வாகனங்களுக்கு விலக்கு உண்டு. அது ஏறக்குறைய 680 கிலோ. எஃகு உடல் கொண்ட 1932 ரோட்ஸ்டர் அந்த வரம்புக்குள் வராது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பதிவு செய்யப் போகும் மாநிலத்தின் விதியை முதலில் படிக்க வேண்டும்.

நடுவழிகளும் உண்டு. டயரை ஒட்டி மெல்லியதாக வளையும் காப்பை 'சைக்கிள் ஃபெண்டர்' என்பார்கள். சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும், விதியையும் ஓரளவு நிறைவேற்றும். பின்காப்பின் வாலை வெட்டிக் குறுக்குவதை 'பாப்டு' என்பார்கள். தமிழில் குறுக்கிய காப்பு எனலாம். வெட்டுவதற்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். 1940களில் ஓரமாக எறியப்பட்ட அசல் தகடுகள் எத்தனையோ துருவாகப் போய்விட்டன. புதிதாக அடித்த எஃகுக் காப்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. வெட்ட விரும்புகிறவர் அவற்றை வாங்கி வெட்டட்டும்.

என் தீர்ப்பு காரைப் பொறுத்தது. 1932 அடிச்சட்டம், வறண்ட ஊர், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்றால் கழற்றலாம். 1933க்குப் பிந்திய உடல், அல்லது குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிற கார் என்றால் இருக்கட்டும். நான்கு அசல் காப்புகளும் நெளியாமல் கையில் இருந்தால், எந்த ஆண்டுக் காராக இருந்தாலும், ஒருமுறை எல்லாவற்றையும் பொருத்தி உருட்டி வெளியே நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். கழற்றுவதென்று முடிவானாலும், அடிச்சட்டத்தில் உள்ள போல்ட் துளைகளை வெல்டு வைத்து அடைக்க வேண்டாம். தகடுகளுக்கு எண்ணெய் தடவி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் சுவரில் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். எந்தப் போல்ட் எந்தத் துளைக்கு என்று எழுதிய சீட்டை அவற்றிலேயே கட்டிவிடுங்கள்.