சொல் விளக்கம்: ஊழியம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவரைப் பற்றி "அவரு ஊழியத்துல இருக்காரு" என்று சொன்னால் மறுகேள்வி வராது. சபை நடத்துகிறார், அல்லது ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்கிறார் என்று புரிந்துகொள்வார்கள். மருத்துவமனை ஊழியம், சிறைச்சாலை ஊழியம், சிறுவர் ஊழியம், கிராம ஊழியம் என முன்னொட்டுதான் மாறும். இளவட்டங்கள் 'மினிஸ்ட்ரி' என்பார்கள். கத்தோலிக்கர் நடுவே இந்தச் சொல் அதிகம் புழங்குவதில்லை. அங்கே அருள்பணி, மறைப்பணி, மேய்ப்புப்பணி. சபைக்கு வெளியே வந்தாலோ, 'ஊழியர்' என்பவர் மாதச் சம்பளமும் அகவிலைப்படியும் வாங்குபவர்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் இந்தச் சொல்லைக் கேட்டால் எளிய சனங்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். திருவிதாங்கூர் அரசில் ஊழியம் என்றால் கூலியில்லாக் கட்டாய வேலை. சர்க்காருக்கும் கோயிலுக்கும் நிலக்கிழாருக்கும் சுமை தூக்க வேண்டும், ஓலை வெட்டிக் கொடுக்க வேண்டும், யானைக்குத் தீனி கொண்டுபோக வேண்டும். நாடார், ஈழவர், சாம்பவர், புலையர் முதலிய சமூகத்தாரின் தலையில் இது பிறப்பாலேயே விழுந்தது. 'விருத்தி' என்று இன்னொரு முறையும் இருந்தது. அதில் வேலைக்கு ஈடாக நிலமாவது உண்டு. ஊழியத்தில் அதுவும் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி'யும் இந்த வகைதான். இன்று 'வெட்டி வேலை' என்று நாம் அலட்சியமாகச் சொல்லும்போது அந்தப் பழைய பாரம் நினைவுக்கு வருவதில்லை.

சொல் பிறந்த வழியும் இதற்கு ஒத்துப்போகிறது. 'ஊழ்' என்றால் முறை, வரிசை. விதி என்ற பொருள் அதன் ஒரு கிளை. மலையாளத்தில் 'ஊழம்' என்று இன்றும் சொல்கிறார்கள்: நம் முறை, நம் தவணை. கன்னடத்தில் பணிவிடைக்கு 'ஊளிக'. ஆக, தன் முறை வரும்போது செய்தே தீரவேண்டிய வேலை என்பது வேர்ப்பொருள் என்று கொள்ளலாம். தெய்வத்துக்கும் குருவுக்கும் மேலோருக்கும் செய்யக் கடமைப்பட்ட தொண்டு என்று அகராதிகள் சொல்வதும் இதை ஒட்டித்தான். வடமொழியோ ஆங்கிலமோ கலக்காத தென்மொழிச் சொல் என்பதால் இதற்கு இன்னொரு 'தூய தமிழ்' தேட வேண்டிய தேவை இல்லை. (ஓசை ஒத்திருப்பதைப் பார்த்து 'ஊதிய'த்தோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. ஊதியம் வேறு சொல்; குறளில் அதற்கு ஆதாயம் என்று பொருள்.)

சொல்லின் இரண்டு பொருள்களும் இங்கே நேருக்கு நேர் மோதின. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் சமூகத்து மகாராசன் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டண்ட் சங்கத்தைச் சேர்ந்த மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1816இல் ஊரைவிட்டுப் போகும்போது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே கொடுத்துவிட்டுப் போனார். ஒடுக்கப்பட்ட ஒருவரே தன் சனத்துக்குப் பொறுப்பேற்ற காலம் அது. ஞாயிற்றுக்கிழமையில் கிறிஸ்தவர்களை ஊழியத்துக்கு இழுக்கக் கூடாது என்ற விலக்கு, ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக, இருந்த கர்னல் மன்றோ காலத்தில் கிடைத்தது. வாரத்தில் ஒரே ஒரு நாள். அதையும் அதிகாரிகள் எல்லா இடத்திலும் மதித்துவிடவில்லை. நாடார் பெண்கள் மார்பை மூடி மேலாடை அணிவதை மேல்சாதியார் எதிர்த்ததால் எழுந்தது தோள்சீலைக் கலவரம். அதை ஒட்டி 1829இல் வந்த அரசு அறிவிப்பு, மேலாடையைக் கட்டுப்படுத்தியதோடு நில்லாமல் ஊழியத்தை வழக்கம்போலச் செய்யச் சொன்னது. சாமித்தோப்பில், சாதிக்கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டரைச் சுற்றித் திரண்ட மக்களின் மனக்குறைகளிலும் வரிகளோடு ஊழியம் இருந்தது. 1847இல் மிஷனரிகள் அடிமைமுறைக்கு எதிராக அரசருக்கு மனுக் கொடுத்தார்கள். 1855இல் அடிமைமுறை ஒழிந்தது, 1859இல் மேலாடை உரிமை வந்தது.

அப்படியிருக்க, கிறிஸ்தவர்கள் இதே சொல்லைத் தங்கள் திருப்பணிக்கு எப்படி எடுத்துக்கொண்டார்கள்? காரணம் வேதாகம மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் உண்டு. 'தியாக்கோனோஸ்' பந்தியில் பரிமாறுபவன், 'தூலோஸ்' அடிமை. 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 20ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: பெரியவனாக விரும்புகிறவன் 'பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்', முதன்மையாக விரும்புகிறவன் 'ஊழியக்காரனாயிருக்கக்கடவன்'. அடிமைக்கான சொல் வருகிற இடத்தில் ஊழியக்காரன்! அடுத்த வசனம் இன்னும் கூர்மை. மனுஷகுமாரன் 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' வந்தார் என்கிறது. கொள்வது, செய்வது என்ற இரண்டு வினைகளில் அந்தக் காலத்து ஊர் முழுவதும் அடங்கிவிடும். ஊழியம் கொள்பவர் யார், செய்பவர் யார் என்று திருவிதாங்கூரில் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். 1995இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பு இதையே 'தொண்டு ஏற்பதற்கு அல்ல, மாறாகத் தொண்டு ஆற்றுவதற்கும்' என்று மாற்றியது. தமிழ் அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் கொதிப்பு இல்லை என்பது என் கருத்து.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'தொண்டு' பக்தி மரபிலிருந்து வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் குருப்பட்டத்துக்கு முந்தைய நிலையில் இருப்பவர் 'திருத்தொண்டர்'. 'பணி' எல்லாவற்றுக்கும் பொதுவானது, யாருக்கும் உறுத்தாதது. 'மேய்ப்புப்பணி' லத்தீன் 'பாஸ்டர்' என்பதன் நேர்ப்பொருள்; மேய்ப்பவன், அதாவது தீனி கிடைக்கிற இடத்துக்கு இட்டுச் செல்பவன். அதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தோள்சீலைக்காகத் தெருவில் நின்ற பெண்களை ஆட்டுமந்தை என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆனாலும் தீனியை நினைத்தால் சொல்லுக்கு நியாயம் இருக்கிறது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1821வாக்கில் ரேந்தைப் பின்னல், அதாவது லேஸ் பின்னல், கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்த வருமானத்தைச் சேர்த்து விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். அதே மிஷன் நடத்திய நெய்யூர் மருத்துவமனையும், 1980களில் முட்டத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கம் மீனவர்களுக்குப் பிளைவுட் படகு கட்டிக் கொடுத்ததும் இதே வழிதான்.

ஏழைகள், ஒடுக்கப்பட்டோர் நடுவே நடக்கும் வேலையைக் குறிக்க எதை எழுதலாம்? பொது வாசகருக்கு 'அருள்பணி' அல்லது 'தொண்டு' போதும். சபைக்குள் 'ஊழியம்' இருக்கட்டும். அதற்குச் சமமான எடையுள்ள சொல் வேறில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். "என் ஊழியத்தைத் தாங்குங்கள்" என்று காணிக்கை கேட்கும் பேச்சில் ஊழியம் ஒருவருடைய சொத்தாகிவிடுகிறது. செய்வது பின்னுக்குப் போய்க் கொள்வது முன்னுக்கு வந்துவிடுகிறது. விடியுமுன் எழுந்து மணியடித்து, பாய் விரித்து, சமபந்தி முடிந்ததும் இலையெடுத்து அண்டா கழுவுகிற கோயில்பிள்ளையை எந்தச் சபையிலும் ஊழியக்காரர் என்று அழைத்து நான் கேட்டதில்லை. அவர் செய்வதற்கு இன்னும் 'வேலை' என்றே பெயர்.